பொதிகை மலையை ‘ஈசி ட்ரெக்’ என்று விற்பவர்களுக்கு

பொதிகை உச்சிக்கு ஆள் சேர்க்கும் ட்ரெக்கிங் குழுக்காரர்களுக்கு,

இந்த சீசனுக்கு நீங்கள் சுற்றவிட்ட நோட்டீஸ் இரண்டு மூன்று கை மாறி என் போனுக்கும் வந்தது. ‘அகத்தியர் மலை, ஈசி ட்ரெக், முன் அனுபவம் தேவையில்லை, இரண்டே நாளில் உச்சி தொட்டுத் திரும்பலாம், டாக்டர் சர்டிபிகேட் பற்றிக் கவலை வேண்டாம், நாங்களே எடுத்துத் தருகிறோம்.’ இதில் முதல் இரண்டும் பொய். மூன்றாவது, இரண்டு நாள் என்பது, யோசிக்காமல் எடுத்த முடிவு. நாலாவதை எப்படி வெளிப்படையாக எழுதத் துணிந்தீர்கள் என்றே எனக்குப் புரியவில்லை. உங்கள் குழுவின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை, ஏனென்றால் இந்த மாதிரி நோட்டீஸ் போடுகிறவர்கள் நீங்கள் மட்டும் இல்லை, பெயரைப் போட்டால் மற்றவர்கள் ‘நம்மைச் சொல்லவில்லை’ என்று நகர்ந்துவிடுவார்கள்.

நான் அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரன். வானம் தெளிவாக இருக்கும் நாட்களில் எங்கள் மொட்டைமாடியிலிருந்தே பொதிகை மலைத்தொடர் தெரியும். எங்கள் ஆற்றில் ஓடுகிற தண்ணீர் அங்கிருந்துதான் வருகிறது. ஆனாலும் அந்த உச்சிக்குப் போக நாங்கள் நாகர்கோவில், திருவனந்தபுரம் என்று சுற்றி, விதுரா வழியாக போணக்காடு போய், அங்கிருந்து கேரள வனத்துறையின் அனுமதியோடுதான் நடக்க வேண்டும். (இந்தப் பக்கத்து வழி பற்றிய சண்டை தனி, அதை இங்கே கலக்கவில்லை.) மகரவிளக்கு முடிந்ததிலிருந்து சிவராத்திரி வரை, வருஷத்தில் கொஞ்ச நாள்தான் திறப்பார்கள், ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று கணக்கு உண்டு, ஆன்லைனில் டிக்கெட் திறந்த வேகத்தில் தீர்ந்துவிடும். இப்படி அரிதாகக் கிடைக்கிற மலை என்பதாலேயே உங்கள் நோட்டீஸுக்கு இவ்வளவு கூட்டம். கிடைத்தவர்கள் எதையும் கேட்காமல் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள்.

சரி, ‘ஈசி’ என்ற சொல்லுக்கு வருகிறேன். போணக்காட்டிலிருந்து அதிருமலை முகாம் வரை சுமார் 14 கிலோமீட்டர். அது நடை, ஒத்துக்கொள்கிறேன். கரமனையாறு, வாழைப்பைத்தியாறு, அட்டையாறு என்று ஓடைகளைத் தாண்டி, காடும் புல்வெளியுமாக, சில இடங்களில் மூச்சு வாங்கும் ஏற்றமாக இருந்தாலும் ஓரளவு நடந்து பழகியவர்கள் மெதுவாகப் போய்ச் சேர்ந்துவிடலாம். அட்டைப்பூச்சி ஏறும், அது பரவாயில்லை. முகாமிலிருந்து உச்சிக்கு இன்னும் சுமார் 6 கிலோமீட்டர். அதிலும் பொங்காலப்பாறை வரை காட்டுப்பாதைதான். அதற்குப் பிறகு நடப்பதை நடை என்று சொல்ல முடியாது. சாய்ந்து கிடக்கும் வெறும் பாறை, சில இடங்களில் கயிறு கட்டியிருப்பார்கள், கையும் காலும் சேர்ந்துதான் உங்களை மேலே கொண்டுபோகும். மேகம் வந்து படிந்துவிட்டால் பாறை ஈரமாகிவிடும், பாசி படிந்த இடத்தில் எந்த ஷூ போட்டிருந்தாலும் வழுக்கும். கிழக்கிலிருந்து காற்று எழும்பி அடித்தால் நிற்பதற்கே யோசிக்க வேண்டும். உயரம் 1,868 மீட்டர்தானே என்று நீங்கள் சொல்வீர்கள். உயரத்தால் யாரும் அங்கே விழுவதில்லை, கால் வைத்த இடம் பிடிக்காமல் போவதால் விழுகிறார்கள்.

போன சீசனில் உங்கள் குழு மேலே போன அன்று நானும் அந்த மலையில் இருந்தேன். உங்களோடு வரவில்லை, தனியாகப் பதிவு செய்து வந்தவன். முந்தின ராத்திரி முகாம் கொட்டகையில் உங்கள் ஆட்களுக்குப் பக்கத்தில்தான் படுத்திருந்தேன், அதனால் உங்கள் லீடர் கொடுத்த விளக்கத்தை முழுசாகக் கேட்டேன். ‘நாளைக்கு ஒண்ணும் பயப்படாதீங்க, சும்மா படி ஏறுற மாதிரிதான். வெள்ளைக்காரன் 1855-லயே இந்த உச்சியில ஆய்வுக்கூடம் கட்டியிருக்கான், நமக்கென்ன?’ என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தத் தகவல் உண்மைதான், திருவனந்தபுரம் வான் ஆய்வகத்தின் பொறுப்பில் இருந்த ஜான் ஆலன் பிரவுன் அங்கே ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார். ஆனால் கருவிகளையும் சாமான்களையும் அவர் தன் தோளில் தூக்கிக்கொண்டு போயிருக்க மாட்டார். கயிறு இருக்கும் இடங்கள் எங்கே, ஒரு கயிற்றில் எத்தனை பேர், மழை தூறினால் என்ன செய்வது, முடியாதவர்கள் எங்கே காத்திருப்பது, இதில் ஒன்றைக்கூட உங்கள் லீடர் சொல்லவில்லை. வரலாறு மட்டும் சொன்னார்.

மறுநாள் பாறையில் நான் பார்த்தது இதுதான். ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அக்கா, உங்கள் குழு டி-ஷர்ட்டோடு, கயிற்றின் பாதியில் நின்றுவிட்டார். இரண்டு கையாலும் கயிற்றை இறுக்கிப் பிடித்து, முழங்காலையும் வயிற்றையும் பாறையோடு ஒட்டவைத்துக்கொண்டு, மேலேயும் போக முடியாமல் கீழேயும் வர முடியாமல். பயந்தால் உடம்பு தானாகப் பாறையைக் கட்டிப்பிடிக்கத்தான் பார்க்கும், அப்படிக் கட்டிப்பிடித்தால் பாதத்தின் மேல் இருக்க வேண்டிய பாரம் விலகி, கால் வெளிப்பக்கம் வழுக்கும். நிமிர்ந்து, பாரத்தைக் காலில் வைத்து நிற்க வேண்டும் என்பதை முன்கூட்டி ஒரு சின்னப் பாறையில் பத்து நிமிஷம் பழக்கிக் காட்டியிருந்தாலே போதும். யாரும் காட்டவில்லை. அந்த நேரம் பார்த்து அதே கயிற்றைப் பிடித்து அவருக்கு மேலே இரண்டு பையன்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள், அவர்கள் இழுக்கிற இழுப்பில் கயிறு விறைத்துப் பக்கவாட்டில் நகர, அந்த அக்கா ஒரு முழம் தள்ளிப் போய்ப் பாறையில் தோள் இடித்துக்கொண்டார். உங்கள் லீடர் அப்போது உச்சியில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். கடைசி ஆளாக வர வேண்டிய உங்கள் இன்னொரு ஆளைக் கண்ணில் காணவே இல்லை.

காப்பாற்றியது எங்களோடு வந்த வழிகாட்டி, அந்த மலையின் காணிப் பழங்குடியைச் சேர்ந்தவர். அவர் வெறுங்காலோடு பாறையில் குறுக்கே நடந்து வந்து, அந்த அக்காவுக்குக் கீழே நின்று, குதிகாலைப் பிடித்து ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து இறக்கினார். நான் மேலே இருந்த பையன்களைக் கயிற்றை விடச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான் என் பங்கு. கீழே வந்து உட்கார்ந்ததும் அந்த அக்கா கேட்டது, ‘நடந்தே போயிரலாம்னுதான தம்பி சொன்னாங்க?’ அவருக்கு முழங்கால் வலி பல வருஷமாக இருக்கிறதாம். அப்புறம் எப்படி சர்டிபிகேட் கிடைத்தது என்று கேட்டேன். ஆதார் கார்டை போட்டோ எடுத்து அனுப்பினாராம், கொஞ்சம் கூடுதல் பணம் கட்டினாராம், கையெழுத்தும் முத்திரையும் போட்ட சர்டிபிகேட் வாட்ஸ்அப்பில் வந்ததாம். எந்த டாக்டர் என்று அவருக்கே தெரியவில்லை.

அந்த மருத்துவச் சான்றிதழை ஒரு டிக்கெட் மாதிரி நினைத்துவிட்டீர்கள் போலிருக்கிறது. இப்படி ஒரு விதி இருப்பது உங்களைத் தொந்தரவு செய்ய அல்ல. வழியில் பெரும்பாலும் போன் சிக்னல் கிடையாது, நெஞ்சு வலி வந்தாலோ கால் உடைந்தாலோ ஆளை நாலு பேர் தூக்கிக்கொண்டு அந்த வழி முழுக்க நடந்துதான் போணக்காட்டுக்குக் கொண்டுவர வேண்டும். தூக்கப்போவது நீங்கள் அல்ல, காணிகளும் வனத்துறை வாட்சர்களும்தான். நீங்கள் சம்பாதிக்கிற அந்தக் கூடுதல் பணத்துக்கு வேறு யாருடைய தோளோ கூலியில்லாமல் வேலை செய்யக் காத்திருக்கிறது.

இப்போது இந்த வருஷம் இரண்டு நாளாகச் சுருக்கியிருக்கிறீர்கள். வழக்கமாக எல்லோரும் மூன்று நாளாகத்தான் போகிறார்கள், முதல் நாள் முகாம், இரண்டாம் நாள் உச்சி போய் முகாமுக்கே திரும்புவது, மூன்றாம் நாள் இறக்கம். உங்கள் திட்டப்படி இரண்டாம் நாள் உச்சிக்கு 6, திரும்ப 6, அங்கிருந்து போணக்காட்டுக்கு 14, ஆக ஒரே நாளில் 26 கிலோமீட்டர், நடுவில் பாறை. காலில் வலு உள்ளவர்கள் செய்வார்கள், தெரியும், நானே செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர்கள் ‘முன் அனுபவம் தேவையில்லை’ என்று படித்துவிட்டு வந்தவர்கள் இல்லை. உங்கள் கூட்டத்தில் வருகிறவர் பாதிப்பேர் அலுவலக நாற்காலியிலிருந்து நேராக வருகிறவர்கள். முதல் நாள் நடந்த களைப்போடு, தொடை நடுங்க நடுங்கப் பாறையில் இறங்கும்போதுதான் சறுக்குகிறது. ஏறும்போது கண்ணுக்கு முன்னால் பிடி தெரியும், இறங்கும்போது காலைக் குருட்டுத்தனமாக நீட்டித் தேட வேண்டும். பாறையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு இறங்கச் சொன்னால் அதற்கு நேரமாகும், உங்களிடம் நேரம் கிடையாது. மேகம் விலகட்டும் என்று ஒரு மணி நேரம் காத்திருக்க முடியாது. முன்னால் போகிற கூட்டம் கயிற்றை விடும் வரை நிற்க முடியாது. ‘எனக்கு முடியலை’ என்று ஒருவர் சொன்னால் அவரை மெதுவாகக் கூட்டிப்போக ஆள் ஒதுக்க முடியாது. மாலையில் யானை நடமாடும் காட்டுக்குள் களைத்த கூட்டத்தோடு இருட்டுக்கு முன் ஓட வேண்டியிருக்கும். ஒரு நாள் சாப்பாட்டுச் செலவும் ஒரு நாள் லீவும் மிச்சம் என்பதைத் தவிர இந்தச் சுருக்கத்தில் வேறு என்ன லாபம் என்று நீங்களே சொல்லுங்கள்.

வேறு நாடுகளில் இந்த வேறுபாட்டை எப்போதோ பிரித்துவிட்டார்கள். அமெரிக்காவில் மலைவழிகளை 1 முதல் 5 வரை பிரிக்கிறார்கள், 1 என்றால் சாதாரண நடை, 3-க்கு வந்தால் கையை ஊன்றாமல் ஏற முடியாது என்று அர்த்தம். சுவிட்சர்லாந்தில் டி1 முதல் டி6 வரை, டி4 என்று போட்டிருந்தாலே அங்கங்கே கை தேவைப்படும் என்று வருகிறவருக்கு வீட்டிலேயே தெரிந்துவிடும். அவ்வளவு தூரம் போவானேன், 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 வழிகளையும் எளிது, மிதம், கடினம் என்று பிரித்துத்தான் பதிவு வாங்குகிறார்கள். அந்தப் பிரிப்பில் குறை சொல்ல இடம் இருக்கலாம், ஆனால் பிரிக்க வேண்டும் என்ற எண்ணமாவது இருக்கிறது. உங்களிடம் பச்சைமலை ஓடையோரம் நடப்பதற்கும் பொதிகைப் பாறைக்கும் ஒரே நோட்டீஸ், ஒரே ‘ஈசி’, படம் மட்டும் மாறுகிறது. அந்தப் படத்திலும் கயிறு தெரியாத கோணமாகப் பார்த்துப் போட்டிருக்கிறீர்கள்.

எல்லோரும் வரக்கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த உச்சிக்குப் பெண்களை விடாமலே வைத்திருந்தார்கள், நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 2019 ஜனவரியில்தான் தன்யா சனல் முதல் பெண்ணாக அனுமதியோடு ஏறினார். காணிகள் பலருக்கு அதில் மனவருத்தம் இருந்தது என்பதும் உண்மை. அந்தக் கதவு திறந்தது நல்லது என்றே நினைக்கிறேன், என் தங்கையும் போய் வந்திருக்கிறாள். ஆனால் அவளுக்குப் பாறை இருக்கிறது என்று தெரியும், தெரிந்துதான் இரண்டு மாதம் தினமும் படி ஏறி இறங்கிக் காலைப் பழக்கினாள். உங்கள் குழுவில் வந்த அந்த அக்காவுக்கு அந்த வாய்ப்பையே நீங்கள் கொடுக்கவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் பொங்காலப்பாறை வரை வந்து, சந்தோஷமாக உட்கார்ந்து பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பார். அதுவே நல்ல இடம்தான்.

இன்னொன்று. 2018 மார்ச் 11-ஆம் தேதி குரங்கணியில் காட்டுத்தீயில் 23 பேர் போனது நம் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. தீயும் பாறையும் வேறு வேறு, நான் ஒப்பிடவில்லை. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதைத்தான் சொல்ல வருகிறேன். மலையேற்றத்தை நிறுத்தினார்கள், தமிழ்நாட்டில் புதிய விதிகள் வந்தன, அவை வேண்டியவையும்தான். ஆனால் பல வருஷம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தவர்களுக்கும் சேர்த்து வழி அடைபட்டது. பொதிகைப் பாறையில் நாளைக்கு ஒரு உயிர் போனால் அடுத்த சீசன் திறக்குமா என்பதே சந்தேகம். அப்படி மூடினால் முதலில் வயிற்றில் அடிபடுவது முகாமில் கஞ்சியும் கட்டன்சாயாவும் போட்டுத்தந்து, முன்னால் நடந்து வழிகாட்டி, அந்தச் சில வாரச் சம்பாத்தியத்தை நம்பியிருக்கும் காணிக் குடும்பங்கள்.

அந்த வழிகாட்டிகளை நீங்கள் நடத்துகிற விதமும் சரியில்லை. 1987-இல் இந்த மலையில் ஆய்வுக்கு வந்த விஞ்ஞானிகள் மூச்சு வாங்கி நின்றபோது கூட வந்த காணிகள் ஏதோ ஒரு காயைத் தின்றுகொண்டு களைப்பில்லாமல் நடந்ததைப் பார்த்துத்தான் ஆரோக்கியப்பச்சை வெளியுலகுக்குத் தெரிந்தது, அதிலிருந்து ஜீவனி என்ற மருந்தே வந்தது. உங்கள் ஆட்கள் இந்தக் கதையைக் கூகுளில் படித்துவிட்டு, வழியெல்லாம் ‘அந்தச் செடியைக் காட்டுங்க, ஒரு காய் பறிச்சுக் குடுங்க’ என்று அந்தக் காணி வழிகாட்டியை நச்சரித்துக்கொண்டே வந்தார்கள். அவர் சிரித்துச் சமாளித்தார். அதே மனிதர் பாறைக்கு முன்னால் ‘இன்னிக்கு மேகம் ஏறுது, ஆளைக் குறைச்சு ரெண்டு தடவையாப் போகலாம்’ என்று சொன்னபோது மட்டும் உங்கள் லீடர் காதில் வாங்கவில்லை.

எனவே நான் கேட்பது இவை. நோட்டீஸிலிருந்து ‘ஈசி’, ‘முன் அனுபவம் தேவையில்லை’ என்ற இரண்டையும் இந்த வாரமே எடுங்கள், அந்த இடத்தில் கடைசிப் பகுதி கயிற்றைப் பிடித்துப் பாறையில் ஏற வேண்டியது என்று தமிழில் தெளிவாக எழுதி, கயிறு தெரியும் படத்தையும் போடுங்கள். சான்றிதழ் வாங்கித் தருகிற வேலையை அடியோடு நிறுத்துங்கள், ஒவ்வொருவரும் தன் டாக்டரை நேரில் பார்த்து வாங்கி வரட்டும், முழங்கால், நெஞ்சு, ரத்த அழுத்தம் பற்றி நீங்களும் பேசிக் கேளுங்கள். மூன்று நாள் திட்டத்துக்குத் திரும்புங்கள். மேலே எத்தனை மணிக்கு இருந்தாலும் திரும்பியே ஆக வேண்டிய நேரம் ஒன்றை முன்னாலேயே அறிவித்து, உச்சி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் அந்த நேரத்தில் திரும்புங்கள். கயிற்றில் ஒரு நேரத்துக்கு ஒருவர் மட்டும், உங்கள் ஆட்களில் அனுபவம் உள்ள ஒருவர் பாறைக்குக் கீழேயும் ஒருவர் மேலேயும், கடைசி ஆள் இறங்கும் வரை. முகாமிலிருந்து கிளம்பும் முன் ஒரு தாழ்ந்த பாறையில் எல்லோரையும் ஏற்றி இறக்கிப் பாருங்கள், தயங்குகிறவர்களுக்குப் பொங்காலப்பாறையில் துணைக்கு ஓர் ஆளை விட்டுவிட்டுப் போங்கள். பாறை விஷயத்தில் காணி வழிகாட்டி சொல்வதே முடிவு என்று உங்கள் லீடர்களுக்கு எழுத்தில் கொடுங்கள், அவர்களுக்குச் சேர வேண்டிய கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.

போன சீசனில் தோளில் அடிபட்ட அந்த அக்காவைக் கூப்பிட்டுப் பேசுங்கள், வைத்தியச் செலவு ஏதும் ஆகியிருந்தால் அதை ஏற்றுக்கொள்ளுங்கள். இதுவரை உங்கள் பக்கமிருந்து ஒரு போன்கூட வரவில்லை என்று கேள்விப்பட்டேன். அப்புறம், இந்த வருஷத்துக்கு ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் எல்லோருக்கும் கடைசிப் பகுதி எப்படியிருக்கும் என்று உள்ளபடி எழுதி அனுப்புங்கள், அதைப் படித்துவிட்டு வரவில்லை என்று யார் சொன்னாலும் பிடித்தம் இல்லாமல் முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுங்கள்.